அன்று நீ முத்தம் கொடுக்கவில்லை

கோச்சபாம்பா
9 மார்ச் 1997

அன்புள்ள லிம்பெர்ட் அண்ணா,

நீ ரிபெரால்டாவுக்குப் போய் இருபத்து நான்கு நாள் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. முதல் வரி கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை. மைத்தேக்குப் பல் வரும் காய்ச்சல் இறங்கி இப்போதுதான் தூங்குகிறாள். அவள் விழிப்பதற்குள் எதையாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, என் கையால் சாப்பிடுவதும் இல்லை. போன ஞாயிறு நான் கிண்ணத்தை முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டாள். "அண்ணன் வயித்துல அடிச்ச கை ஊத்துற சூப்பு எனக்கு வேணாம்." அப்புறம் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, நன்றாக இருந்தது என்று மைத்தேயிடம் சொன்னாள். எட்டு மாதக் குழந்தையிடம்!

நீ அங்கே எல்லோரிடமும் உன் பக்கத்தைச் சொல்லியிருப்பாய். என் பக்கம் உனக்கே தெரியாது.

கார்னிவலுக்கு மறுநாள், சாம்பல் புதன், காலை ஐந்தரை. மலைக்கு அந்தப் பக்கம் டிரினிடாட் ஊருக்கு நீ ஓட்ட வேண்டிய விமானம் ஆறேகாலுக்கு. விமான நிலைய வைத்திய அறையில் என் மேசைமேல் துணிப்பையும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஊதும் கருவியும் இருந்தன. பைக்குள் எட்டு வெள்ளைக் கோலிக்குண்டு, இரண்டு சிவப்பு. விமானம் ஓட்டப் போகிறவர் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஊத வேண்டும், வெள்ளை வந்தால் போகலாம். நீ வெள்ளை எடுத்தாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் உன்னை ஊதச் சொன்னேன்.

பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 0.34 வந்தது. கருவியைத் துடைத்து மறுபடி ஊதச் சொன்னேன். 0.33. நீ தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். அப்பா இறந்த அன்றுகூட நீ அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை.

தொப்பி என்னிடம் இருக்கிறது. தூசு படாமல் மூடி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை
டெலினா


ரிபெரால்டா
30 மார்ச் 1997, ஈஸ்டர் ஞாயிறு

கேப்டன்களை ஊத வைக்கும் டாக்டரம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தொப்பிக்குத் தூசு படவில்லை என்று அறிந்து மகிழ்ச்சி. தொப்பியின் சொந்தக்காரன் கஸ்தான்யா கொட்டை மூட்டைகளுக்கு நடுவே சரக்கு விமானங்களுக்கு டயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். கழுத்து வரைக்கும் தூசு.

செய்தி எனக்கு முன்னால் இங்கே வந்துவிட்டது. முதல் நாளே ஒருவன் காற்றடிக்கும் குழாயை என் வாயருகே நீட்டி, "கேப்டன், உன் தங்கச்சி அனுப்பிச்சா. ஊது!" என்றான். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? இப்போது தினமும் காலையில் அது நடக்கிறது. ஒரு நாள் அவன் மறந்துவிட்டால் நானே போய் ஞாபகப்படுத்துவேன் போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். வெள்ளை எடுத்தவனை ஏன் ஊதச் சொன்னாய்? வாடை அடித்தது என்று சொல்லாதே. அடித்திருக்காது. இரண்டு கப் காப்பி குடித்து, கிராம்பு மென்றுவிட்டுத்தான் வந்தேன். கை நடுங்கவில்லை. தலை தெளிவாக இருந்தது. மலைக்கு மேலே மேகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கார்னிவல் சால்யாச் சடங்கில் குடித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. விமானத்துக்கு மது தெளித்து, பூ தூவி, பட்டாசு வெடிக்கும்போது அதை ஓட்டுகிறவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? மெக்கானிக் நீட்டுகிறான், எரிபொருள் போடுகிறவன் நீட்டுகிறான், மேலாளர் ரோமானே நீட்டுகிறார். "கேப்டன், என்னை அவமானப்படுத்தாதே" என்கிறார்கள். எந்தக் குவளையைத் தள்ளுவது?

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பழைய கொட்டகையில் அப்பா சால்யா செய்த அழகு. இடது சக்கரத்துக்குக் கொஞ்சம் சிங்கானிச் சாராயம், வலது சக்கரத்துக்குக் கொஞ்சம், மூக்குக்குக் கொஞ்சம், மீதியைக் கேப்டன் அகுஸ்தோ கையில் கொடுப்பார். "பூமித்தாய் குடிச்ச குவளையில பங்கு குடிக்காதவனை வானம் ஏத்துக்காது" என்பார். கேப்டன் ஒரே மடக்கில் குடிப்பார். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா கை வைத்த ஒரு விமானமாவது விழுந்ததா?

அப்பா இருந்திருந்தால் உன் துணிப்பையைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பார்.

மைத்தேக்கு மாமாவின் முத்தம்.

லிம்பெர்ட்


கோச்சபாம்பா
20 ஏப்ரல் 1997

அண்ணா,

மைத்தேக்கு முத்தம் அனுப்பியிருக்கிறாய். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீ எப்படி உள்ளே வருவாய் என்று விமான நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாசல் காவலாளிக்கு ஒரு கட்டிப்பிடிப்பு. தரை துடைக்கும் அம்மாவுக்குக் கன்னத்தில் முத்தம். அவர் துடைப்பத்தைக் கீழே போடாமலே கன்னத்தைத் திருப்புவார். டிக்கெட் கிழிக்கிற பெண்ணுக்கு ஒன்று. அப்புறம் என் மேசையைச் சுற்றி வந்து எனக்கு ஒன்று. "இது டாக்டரம்மாவுக்கு, இது வீட்டுல தூங்குற குட்டிக்கு" என்று இரண்டாவதும் கொடுப்பாய். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. சளி பிடித்திருந்தபோதுகூட நெற்றியில் கொடுத்தாய்.

அன்று நீ வாசலில் நின்று கையைத் தூக்கினாய். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே பைக்குள் கையை நீட்டினாய். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, "மழை வராது, இல்ல?" என்றாய்.

அண்ணா, வாடை அடிக்கவில்லை. கண் சிவக்கவில்லை. நீ முத்தம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தலை அவ்வளவு தெளிவாக இருந்தவன் எதற்காகக் கிராம்பு மென்றான் என்பதை உன் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஒருத்தி முதுகில் அவாயோ துணியில் குழந்தையைக் கட்டியிருந்தாள். குழந்தையின் ஒரு கால் மட்டும் வெளியே தொங்கியது, காலுறை இல்லாமல். மைத்தே பிறந்த பிறகு நான் இப்படி ஆகிவிட்டேன். வீட்டுக்கு மேலே விமானம் போனால் சத்தம் மறையும்வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் கணவர் கேலி செய்கிறார், "நீ எண்ணுறதாலதான் அது மேல நிக்குதா?" என்று. இருக்கலாம். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே உன்னை ஊதச் சொன்னேன்.

இப்போது ஒரு சிக்கல். வெள்ளை எடுத்தவரையும் சோதிக்கலாம். ஆனால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காரணத்துக்கான கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருக்கிறேன். என்ன எழுதுவது? மேலாளர் ரோமான் கதவைச் சாத்திவிட்டு, "மது வாடை அடிச்சதுன்னு ஒரு வரி எழுதும்மா. யார் வந்து முகர்ந்து பார்க்கப் போறாங்க?" என்றார். எழுத மாட்டேன் என்றேன். நடக்காததை உனக்கு எதிராக எழுத மாட்டேன்.

டெலினா


ரிபெரால்டா
25 மே 1997

டெலி,

அம்மாவுக்கு 27ஆம் தேதி அன்னையர் தின வாழ்த்து சொல். உன் வாயால் சொன்னால் கேட்க மாட்டாள் என்றால் மைத்தேயைத் தூக்கிக்கொண்டு போய் நில். இத்துடன் வறுத்த கஸ்தான்யா கொட்டை ஒரு பொட்டலம். அதையாவது சாப்பிடட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை தரை துடைக்கும் அம்மா துடைப்பத்தோடு கன்னத்தைத் திருப்புவது கண்ணுக்கு முன்னால் வந்து சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவையைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஜூலை 18 அன்று லா பாஸில் விசாரணை. உனக்கும் அழைப்பு வரும். நினோஸ்கா என்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். கூர்மையான பெண். பதிவேட்டின் நகலைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். "வெள்ளைக் குண்டு, வெறும் கட்டம். இது போதும் கேப்டன். இந்தச் சோதனையே செல்லாது. அடுத்த வாரமே நீங்க பறக்கலாம்" என்றார். சோதனை செல்லும் என்று சொல்லிவிட்டால் உரிமம் ஒரேயடியாகப் போகும். நடுவில் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "தானா முன்வந்து ஒத்துக்கிட்டா ஒரு வருஷத் தடையோட விடுவாங்க. ஆனா ஜெயிக்கிற கேஸ்ல யார் ஒத்துப்பாங்க?" என்றார்.

உன்னிடம் ஒரு பொய்யும் கேட்கவில்லை. வெள்ளையா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல். கட்டம் வெறுமையா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல். இரண்டும் உண்மை. அதற்கு மேல் வாயைத் திறக்காதே. முத்தக் கதையைச் சொன்னால் அந்த அறையில் என்னைவிட உன்னைப் பார்த்துத்தான் அதிகம் சிரிப்பார்கள்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. டயர் மாற்றுவதை அப்பாவிடம் பத்து வயதிலேயே பார்த்துவிட்டேன். அதற்காக நான் பிறக்கவில்லை. இங்கே சாயங்காலம் ஆற்றுக்கு மேலே கிளிக்கூட்டம் திரும்பும்போது, ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் வருகிறது என்று கணக்குப் போடுகிறேன். வேறு எதையும் யோசிக்கத் தெரியவில்லை.

அப்பாவின் விமானிகள் எல்லோரும் குடித்தார்கள், டெலி. யாரும் விழவில்லை. அவர்களுக்கு வாய்த்த தங்கைகள் வேறு மாதிரி.

லிம்பெர்ட்


கோச்சபாம்பா
24 ஜூன் 1997

அண்ணா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அழைப்பும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, நீ சொன்னபடியே 'ஆமாம், ஆமாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையாகச் சொல்கிறேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு ஆமாம். அவ்வளவுதான்.

நேற்று புனித யோவான் இரவு. இந்தத் தடவையும் தெருமுனையில் பழைய நாற்காலி, பெட்டி எல்லாம் போட்டுக் கொளுத்தினார்கள். இன்று காலை மைத்தேயைக் கையைப் பிடித்து நடக்க விட்டேன். ஆறிப்போன சாம்பலுக்குள் இரண்டு கையையும் விட்டுவிட்டாள். தூக்கியதும் என் நெற்றியில் பச்சென்று அப்பிவிட்டாள்.

நெற்றியில் அந்தச் சாம்பல் பட்டதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எனக்கு ஐந்து வயது. உனக்குப் பத்து. பழைய கொட்டகை. இறைச்சி ஏற்றும் அந்தப் பெரிய விமானம், அப்பா 'சிறுக்கி' என்று கூப்பிடுவாரே, அது. அதற்குள் நீ கேப்டன் இருக்கையில், நான் பக்கத்தில் மூன்று கோணியை அடுக்கி அதன்மேல். இரண்டு பேர் நெற்றியிலும் பாதிரியார் இட்ட சாம்பல் சிலுவை. உன்னுடையது வியர்வையில் வழிந்து மூக்குக்கு வந்துவிட்டது. நீ கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே, "மழை வராது, இல்ல?" என்று பெரிய மனிதன் மாதிரி கேட்பாய். நான், "வராது கேப்டன்" என்பேன். பின்னால் வெறும் கோணிகளின்மேல் கேப்டன் அகுஸ்தோ வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார். முந்திய நாள் சால்யாவின் காகிதச் சுருளை எடுத்து அவர் கால் கட்டைவிரலில் சுற்றிவிட்டோம். ஞாபகம் இருக்கிறதா?

நான் உன்னிடம் கேட்டேன், "அண்ணா, இன்னைக்கு மட்டும் ஏன் நம்மளை யாரும் விரட்டலை?" நீ சொன்ன பதிலை உனக்கே திருப்பித் தருகிறேன். "லூசு, இன்னைக்குச் சாம்பல் புதன். ஊருல எவனும் இறைச்சி தின்ன மாட்டான். அதான் சிறுக்கி தூங்குது."

கீழே சக்கரத்தடியில் அப்பா மரக்கட்டை வைத்து, அதிலும் காகிதச் சுருள் கட்டியிருந்தார். யாராவது தொட்டால் கத்துவார், "வியாழக்கிழமை விடிஞ்சப்புறம்தான் அதை எடுக்கணும்!"

அண்ணா, அவர்கள் குடித்தார்கள். விழவில்லை. ஏனென்றால் அவர்கள் பறக்கவில்லை. சாம்பல் புதனில் இறைச்சி இல்லை, இறைச்சி இல்லாததால் விமானம் இல்லை. இப்போது நாம் ஏற்றுவது ஆட்களை. சாம்பல் புதனன்று அவர்கள் டிரினிடாட் போக வேண்டும். நாம் அப்பாவின் செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய புதன்கிழமையை விட்டுவிட்டோம். நீ மட்டும் இல்லை. குவளை நீட்டிய ரோமான், கொட்டகையில் இருந்த எல்லோரும், நானும்தான். அன்று நானும் அங்கே பூ தூவிக்கொண்டு நின்றேன். நீ மூன்றாவது குவளை வாங்கியதைப் பார்த்துக் கைதட்டினேன். நாளைக்குக் காலையில் இவன் பறக்க வேண்டுமே என்று தோன்றவில்லை. அதற்காக என்னை மன்னித்துவிடு. ஊதச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். ஆனால் ஏன் என்று கேட்டால், ஏன் என்றும் சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். நீ திரும்பவும் பறக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. உன் விமானத்தில் மைத்தேயை ஏற்றிவிட்டு, எண்ணாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அது போதும்.

டெலினா


லா பாஸ்
19 ஜூலை 1997

டெலி,

நேற்று நீ வெளியே பெஞ்சில் மைத்தேயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னை உள்ளே கூப்பிடவே இல்லை. முடிந்ததும், என்ன ஆயிற்று என்று நீ வந்து கேட்பதற்குள் நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்க்க முடிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பழைய ராணுவ விமானி. நினோஸ்கா பதிவேட்டைக் காட்டினார். வெள்ளைக் குண்டு, வெறும் கட்டம். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினோஸ்கா என் முழங்கையைத் தட்டினார்.

நடுவில் இருந்தவர் மட்டும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தப் பொண்ணு ஒரு காரணமும் இல்லாம சொந்த அண்ணனை ஊதச் சொல்லியிருக்கு. கேப்டன், உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், டெலி. நினோஸ்கா கண்ணாலேயே சொன்னார், ஆமாம் சொல் என்று.

உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கேப்டன் அகுஸ்தோவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. காகிதச் சுருள் சிவப்பு நிறம். நீ அதை எழுதவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"சண்டை இல்ல சார்," என்றேன். "தினமும் அவளுக்கு முத்தம் கொடுத்துட்டுத்தான் பறப்பேன். அன்னைக்குக் கொடுக்கலை. வாயைக் கிட்டக் கொண்டுபோகப் பயமா இருந்துச்சு. அதை அவ கண்டுபிடிச்சிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்த பெண் மட்டும் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நினோஸ்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். நடுவில் இருந்தவர், "ஏன்யா, முத்தம் கொடுக்கவே பயந்தவன் பத்தொன்பது பேரை ஏத்திக்கிட்டு மலையைத் தாண்டப் போனியே" என்றார்.

ஒரு வருஷத் தடை. ஏற்கெனவே பறக்காமல் இருந்த நாட்களைக் கழித்துக்கொண்டார்கள். அடுத்த பிப்ரவரி 12க்குப் பிறகு, வைத்தியச் சோதனை முடித்துப் பறக்கலாம். அதுவரை டயர்.

உன் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி உனக்கு உத்தரவு வரும். நீ கூச்சப்படாதே. உள்ளதை எழுது.

அண்ணன்
லிம்பெர்ட்


கோச்சபாம்பா
15 பிப்ரவரி 1998

அண்ணா,

வைத்தியச் சோதனையில் எல்லாம் சரி என்ற செய்தி வந்தது. 25ஆம் தேதி காலை டிரினிடாட் விமானம் உனக்கு என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். நாளைப் பார்த்தாயா? சாம்பல் புதன். மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்க வந்தேன், அப்புறம் கேட்கவில்லை. நீ வேண்டுமென்றே கேட்டு வாங்கினாய் என்று அட்டவணை போடும் பெண் சொன்னாள்.

புதன் விமானத்தை நிறுத்தச் சொல்லி ரோமானோடு ஒரு மாதம் சண்டை போட்டேன். முடியாது என்றுவிட்டார். கடைசியில் ஒன்று மட்டும் ஒத்துக்கொண்டார்: புதனன்று பறக்கிறவர்கள் செவ்வாய் சால்யாவுக்கு வரக் கூடாது. அவர்கள் பங்கை அவர்கள் வீட்டார் யாராவது வந்து சக்கரத்தில் ஊற்றலாம். துணிப்பையில் அன்று மட்டும் பத்துக் குண்டும் சிவப்பு. கொட்டகையில் முதலில் முணுமுணுத்தார்கள், பூமித்தாய் கோபித்துக்கொள்வாள் என்று. அம்மாதான் அவர்கள் வாயை அடைத்தாள். "என் மகன் பங்கை நான் ஊத்துறேன். அவ புருஷனை எனக்கும் தெரியும், என் புருஷனை அவளுக்கும் தெரியும். எங்களுக்குள்ள பேசிக்கிறோம்!" பூமித்தாய்க்கு ஏது புருஷன் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டாள், "எனக்கு ஒண்ணும் பறக்கிற வேலை இல்லையே, நான் ரெண்டு வாய் குடிச்சா உன் மெஷின் கத்துமா?"

ஆமாம், என்னோடு பேசுகிறாள். என் கையால் சாப்பிடுகிறாள். உப்புக் குறைவு என்கிறாள்.

பதிவேட்டின் அந்தக் கட்டத்தை ஆகஸ்டிலேயே நிரப்பிவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. அது சின்னக் கட்டம். ஒரு வரிதான் பிடித்தது. 'முத்தம் கொடுக்கவில்லை' என்று எழுதினேன்.

பழைய கொட்டகைப் பக்கம் போன வாரம் போனேன். சிறுக்கியின் எலும்புக்கூடு புல்லுக்குள் கிடக்கிறது, இருக்கைகளை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சக்கரத்தடி மரக்கட்டை மட்டும் அங்கேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

புதன் காலை மைத்தேயையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் டிரினிடாட் போகப் போகிறாள், என் மடியில், உன் விமானத்தில். டிக்கெட் வாங்கிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. நான் எண்ணிக்கொண்டு வந்தால் கேலி செய்யாதே.

ஐந்தரைக்குக் கதவு திறந்திருக்கும். பையும் கருவியும் மேசைமேல் இருக்கும். பக்கத்தில் உன் தொப்பி. நீ வாசலில் நிற்காதே. கையை நீட்டுவதற்கு முன்னால் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வா.

டெலினா